பெரியப்பா எப்ப பிசிக்ஸ் படிச்சவர்?

போன மார்கழி லீவுக்கு கம்பஸில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். பண்டத்தரிப்புச் சந்தியில் இருக்கிற கடையில் பெரியப்பா ஒரு கட்டுக் கடதாசி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெர்மனியில் பௌதிகவியலில் பிஎச்டி செய்கிற அக்காவின் பெயர் முதல்முறையாக ஒரு ஆய்வுக் கட்டுரையில் வந்திருக்கிறது. கட்டுரையை விட ஆக்களின் பட்டியல் நீளம். பக்கம் பக்கமாகப் பெயர்கள். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். அரை மணித்தியாலம் போயிருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தார். அங்கே இருந்தது அவருடைய பெயர். முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல். அதற்கு முன்னால் அக்காவின் பெயரின் முதல் எழுத்து மட்டும், ஒரு புள்ளியோடு.

"நான் எப்ப பிசிக்ஸ் படிச்சனான்?" என்று கேட்டார். வீடே சிரித்தது. பெரியம்மா தேத்தண்ணி ஊற்றப் போனவ, அங்கிருந்தே சிரிச்சவ. கொஞ்ச நேரம் கழித்து, எல்லாரும் வேறு கதைக்குப் போன பிறகு, அவர் தன்பாட்டில் சொன்னார்: "சரி, இதில பிள்ளையின்ர பேர் எங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நான் கலைப்பீடம். துணிக்கை, காந்தப்புலம் எல்லாம் ஓ.எல்லோட முடிஞ்சுது. ஆனால் இது பௌதிகப் பிரச்சினை இல்லை. பட்டியல் பிரச்சினை. பட்டியல் என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அன்றிரவு அக்காவோடு வாட்ஸ்அப்பில் கதைத்தேன். அவள் சொன்னது இதுதான். அவளது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகம் அதைப் பார்த்துப் பதிந்தது. பரிசோதனைக் கூட்டமைப்பு பல்கலைக்கழகம் கொடுத்ததைப் பதிந்தது. கட்டுரை எழுதும் நிரல் கூட்டமைப்பின் பட்டியலை எடுத்து, முதல் பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்கி, கடைசிப் பெயரை முழுதாக அச்சடித்தது. யாரும் பிழை விடவில்லை. எல்லாரும் தங்களுக்கு மேலே இருந்ததை ஒழுங்காகப் படியெடுத்திருக்கிறார்கள்.

"நீ திருத்தலாம்தானே?" என்றேன்.

"திருத்தினனான். மூண்டு தரம். பகல் நான் மாத்துவன், சரியா இருக்கும். இரவில மெஷின் வந்து பழைய பேரைத் திரும்ப எழுதிட்டுப் போயிடும்."

கேட்கப் பேய்க்கதை மாதிரி இருக்கிறது. ஆனால் காரணம் எளிது. அவள் திருத்தியது பிள்ளைப் பட்டியலை. ஒவ்வொரு இரவும் பிள்ளைப் பட்டியல் தாய்ப் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. வித்தியாசம் கண்டால் தாய்தான் சரி என்பது விதி. தாய் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு மாதம் எடுத்தது.

இவ்வளவு பேர் எதுக்கு?

முதலில், ஒரு கட்டுரைக்கு ஏன் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள்? எல்லாருக்கும் தெரிந்த உதாரணமாக செர்னை எடுப்போம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிஸ் பிரெஞ்சு எல்லையில், 1954இல் தொடங்கிய ஆய்வுகூடம். அங்கே நடராஜர் சிலை இருக்கிறது என்று வருசத்துக்கு ரெண்டு தரமாவது குடும்பக் குரூப்பில் படம் வரும். உண்மைதான், 2004இல் இந்தியா கொடுத்தது. ஆனால் அந்தச் சிலையைத் தாண்டி உள்ளே போகிற மனிதர்களைப் பற்றி யாரும் ஃபார்வேர்ட் பண்ணுவதில்லை.

செர்னின் சொந்த ஊழியர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு அளவில்தான். அங்கே வந்து வேலை செய்கிற விஞ்ஞானிகள் 12,000க்கு மேல், எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருந்து. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது செர்ன் இல்லை, அவரவர் பல்கலைக்கழகம். 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்று இரண்டு பெரிய பரிசோதனைகள். ஒவ்வொன்றிலும் மாணவர், பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர் எல்லாரையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கானோர்.

2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டதாக இந்த இரண்டு பரிசோதனைகளும் அறிவித்தன. 2015இல் இரண்டும் சேர்ந்து அதன் திணிவை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். ஆய்வும் மேற்கோள்களும் 9 பக்கம். மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். எங்கள் பெரியப்பா அதைப் பிரிண்ட் எடுத்திருந்தால் கடைக்காரன் வீடு கட்டியிருப்பான்.

இதைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்கள் உண்டு. "ஐயாயிரம் பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினவையாம்" என்று. எழுதியது ஐயாயிரம் பேர் இல்லை. உணரியைக் கட்டியவர், இரவு முறை வேலை பார்த்தவர், கணினி நிரல் எழுதியவர், தரவைச் சரிபார்த்தவர், இத்தனை பேர் இல்லாமல் அந்த 9 பக்கம் இல்லை. ஆசிரியர் ஆவதும் சும்மா கிடைப்பதில்லை. அட்லஸில் புதிதாக வருகிறவர் பரிசோதனைக்குப் பொதுவான ஒரு தொழில்நுட்ப வேலையைக் குறிப்பிட்ட காலம் செய்து தகுதி பெற வேண்டும். அதன் பிறகுதான் பட்டியலில் பெயர். கோயில் திருவிழாவில் உபயகாரர் பெயர் மட்டும் நோட்டீஸில் போடாமல், தேர் வடம் பிடித்தவன், தண்ணிப் பந்தலில் நின்றவன் எல்லாரையும் போட்டால் எப்படியோ அப்படி. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் அப்படிப் போட வேண்டும் என்றால் யார் நின்றவன், எந்த நாளில் நின்றவன் என்று யாரோ ஒருவர் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு ஆள், எத்தனை பட்டியல்

ஒரு ஆள் இப்படி ஒரு கூட்டமைப்பில் சேர்ந்தால் எத்தனை இடத்தில் பதிவாகிறார் என்று அக்காவிடம் கேட்டு எழுதினேன். வாசலைத் திறக்கும் அட்டை ஒன்று. கணினிக் கணக்கு ஒன்று. மின்னஞ்சல் குழுக்கள். முறை வேலைக்கான பட்டியல். கதிர்வீச்சு அளக்கிற சின்னக் கருவி யாரிடம் என்ற பட்டியல். எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்ற பட்டியல். கடைசியாக, கட்டுரை ஆசிரியர் பட்டியல்.

இவற்றில் காசும் இருக்கிறது. செர்னின் பெரிய பரிசோதனைகளில் பொதுப் பராமரிப்பு, இயக்கச் செலவில் ஒவ்வொரு நாட்டின் பங்கும், அந்த நாட்டு நிறுவனங்களில் இருந்து எத்தனை முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒரு பெயரைச் சேர்த்தால் ஒரு பில் கூடும். ஒரு பெயரை எடுக்க மறந்தால், போனவருக்கும் சேர்த்து யாரோ கட்ட வேண்டும். பணக்கார நாட்டுக்கு இது ஒரு வரி. சின்ன நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இது ஒரு ஆளை எடுப்பதா விடுவதா என்ற கேள்வி. இலங்கை 2017இல் செர்னோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது. அதே வருசம் இந்தியா இணை உறுப்பு நாடானது. ஒப்பந்தப் படத்தில் கை குலுக்குவார்கள். அதற்குப் பிறகு நடப்பது பட்டியல்தான்.

சரி, ஏழு பட்டியலையும் ஒரே பட்டியலாக ஆக்கினால் என்ன? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு சின்ன அனுபவம் இருக்கிறது எனக்கு. அங்கே உறுப்பினர் விவரம் மூன்று இடத்தில் இருந்தது: பழைய சிஆர் கொப்பி ஒன்று, வாட்ஸ்அப் குரூப் ஒன்று, கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் வைத்திருந்த எக்செல் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கக் காசு வந்தபோது எக்செலைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் விடுபட்டது. கொப்பியில் அவர்கள் இருந்தார்கள். கல்யாணம் கட்டி இடைக்காட்டுக்குப் போன ஒருத்தி எக்செலில் இன்னும் எங்கள் ஊரில் இருந்தாள். ஒருவரும் கள்ளவேலை செய்யவில்லை. ஆனால் கொப்பி கிடைக்காத பிள்ளைக்கு அந்த விளக்கம் எதுக்கு?

நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். ரெண்டு மாதத்தில் திரும்பவும் மூன்றாகியது. ஏனென்றால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். கொப்பி சொல்வது யார் சந்தா கட்டியவர் என்று. குரூப் சொல்வது யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று. எக்செல் சொல்வது எந்த வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று.

பெரிய பரிசோதனைகளிலும் இதுவே. ஒருவர் ‘போய்விட்டார்’ என்றால் எப்ப போனவர்? சம்பள ஒப்பந்தம் முடிந்த நாள் ஒன்று. வாசல் அட்டை செத்த நாள் இன்னொன்று. ஆனால் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் பிறகும் கொஞ்சக் காலம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவர் வேலை செய்த தரவிலிருந்து கட்டுரை பிறகுதான் வெளிவரும். வாசல் அட்டையோடு சேர்த்து ஆசிரியர் பெயரையும் அழித்தால் அது களவு. ஆசிரியர் பெயர் இருக்கிறது என்பதற்காக வாசலைத் திறந்து வைத்தால் அது ஆபத்து. ஆகவே பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. ஆனால் எந்த விசயத்தில் வேறுபடுகிறோம், எந்த விசயத்தில் யாருடைய சொல் கடைசிச் சொல் என்பதில் அவை உடன்பட்டிருக்க வேண்டும். ஒத்திசைவு என்று நான் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான்.

இதில் மென்பொருள் சின்னப் பங்கு. ஒரு மாணவன் படிப்பை விட்டுப் போனது முதலில் யாருக்குத் தெரியும்? அவனது பேராசிரியருக்கு. ஜெனீவாவில் இருக்கிற கணினிக்கு இல்லை. பேராசிரியர் ஒரு படிவத்தை நிரப்பாவிட்டால் உலகத்தின் எந்த நிரலும் அதை அறியாது. எங்கட ஊரில் விதானையாருக்கு யாரும் சொல்லாவிட்டால் செத்தவர் சாகாத மாதிரி.

யார் முதலில்?

பட்டியலை எப்படி அடுக்குவது என்பது சின்ன விசயம் மாதிரித் தெரியும். அட்லஸ் அகர வரிசை. அதனால் ஜி. ஆட் என்ற விஞ்ஞானியின் பெயர் முதலாவதாக வருகிறது, உலகம் முழுக்க அந்தக் கட்டுரைகள் ‘ஆட் மற்றும் பலர்’ என்று மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆங்கில எழுத்தில் அவர் பெயர் இரண்டு ‘ஏ’யில் தொடங்கியது அவர் தப்பா, சரியா?

சிஎம்எஸ் வேறு மாதிரி. முதலில் நாடு, பிறகு நிறுவனம், பிறகு ஆள். நாடுகளின் அகர வரிசையில் ஆர்மீனியா முதலில் வரும். அதனால் சிஎம்எஸ் கட்டுரைகள் வருசா வருசம் ஆர்மீனியப் பெயர்களால் அறியப்படுகின்றன: சத்ருச்சியான், பிறகு கச்சத்ரியான், பிறகு சிருன்யான், பிறகு துமாஸ்யான். யெரெவான் நிறுவனத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் உலகத்தின் மேற்கோள் பட்டியலில் பெயர் மாறும். சின்ன நாடு ஒன்று, தரவுத்தளத்தில் ஒரு அடுக்கல் விதியால், எல்லாருக்கும் முன்னால் நிற்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோசம். ஆனால் படிப்பினை வேறு: அடுக்கல் விதி எழுதியவன் தன்னை அறியாமலே வரலாறும் எழுதுகிறான்.

சில நேரம் அறிந்தும் எழுதுகிறார்கள். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு, ரஷ்ய, பெலருஸ் நிறுவனங்களின் பெயரைக் கட்டுரைகளில் போடுவதா என்ற சண்டை வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருசம் பெரிய பரிசோதனைகளின் புதுக் கட்டுரைகள் ஆசிரியர் பட்டியல் இல்லாமல், கூட்டமைப்பின் பெயரில் மட்டும் இணையத்தில் ஏறின. 2023 தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். ஆட்களின் பெயர் இருக்கும். அவர்களது நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக, செர்னோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனம் என்று மட்டும் இருக்கும். 2024 கார்த்திகை முடிவோடு ரஷ்யாவோடான ஒத்துழைப்பையே செர்ன் நிறுத்தியது.

யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. உக்ரைன் விஞ்ஞானிகளின் கோபம் எனக்கு விளங்குகிறது. தன் அரசாங்கம் செய்ததுக்குத் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை வாங்கிய ரஷ்ய மாணவியின் நிலையும் விளங்குகிறது. நான் சொல்ல வருவது ஒன்றே. ‘நிறுவனம்’ என்ற ஒரு நிரலுக்குள் என்ன எழுதுவது என்ற கேள்வி, ஆயிரக்கணக்கான பேருடைய கட்டுரைகளை ஒரு வருசம் நிறுத்தி வைத்தது. இனி யாராவது "அது வெறும் டேட்டா என்ட்ரி" என்றால் இதைச் சொல்லுங்கோ.

எங்களுக்குத் தெரிந்த பட்டியல்கள்

பட்டியலில் இல்லாதவன் இல்லாதவன் என்பதை எங்கட ஆக்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, போன இடத்தில் முதலில் கேட்டது பதிவு. குடும்ப அட்டையில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் சாப்பாட்டுச் சாமான். அம்மா இன்றைக்கும் வீட்டில் ஏதாவது தேடினால் அந்த அட்டை இருந்த பிளாஸ்டிக் பையைத்தான் முதலில் எடுப்பா.

யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010 தேர்தலில் 9 பாராளுமன்ற ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. ஆசனம் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆட்கள் போனார்கள், பட்டியல் சுருங்கியது, குரல் சுருங்கியது.

ஒரே ஆள் இரண்டு ஆளாகிற கதையும் எங்களிடம் உண்டு. 2016இல் இருந்து அடையாள அட்டை இலக்கம் 12 எண்ணாகியது. அதற்கு முன் 9 எண்ணும் ஒரு எழுத்தும். பழசில் முதல் இரண்டு எண் பிறந்த வருசம், அடுத்த மூன்று எண் வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். புதியதில் வருசம் நாலு எண். அம்மாவின் பழைய இலக்கம் ஒரு இடத்தில், புது இலக்கம் இன்னொரு இடத்தில். இரண்டும் ஒரே அம்மா என்று ஒரு காரியாலயத்தில் விளங்கப்படுத்த எங்களுக்கு மூன்று தரம் போய் வர வேண்டி வந்தது. பழசுக்கு முன்னால் 19ஐப் போட்டு, நாளுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைப் போட்டு, எழுத்தை எடுத்தால் புதியது வரும். கணினிக்கு ஒரு செக்கன் வேலை. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஹிக்ஸ் கட்டுரை மாதிரியானவற்றில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். கீழே பார்த்தால் ‘காலமானார்’ என்று இருக்கும். அவர் உயிரோடு இல்லை, ஆனால் வேலை அவருடையது, ஆகவே பெயர் இருக்கிறது. வேறு சிலருக்கு ‘இப்போது வேறு இடத்தில்’ என்ற குறி. அதாவது அந்தப் பட்டியலுக்கு, இருக்கிறார், இல்லை என்ற இரண்டு நிலைக்கு மேலே தெரியும். எங்கள் நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழ் வாங்கு, அல்லது ஒன்றுமில்லை என்ற நிலைதான் நீண்ட காலம் இருந்தது. ‘காணப்படாமைச் சான்றிதழ்’ என்ற மூன்றாவது நிலைக்குச் சட்டம் வந்தது 2016இல்தான். அந்தச் சான்றிதழ் ஒரு தாய்க்கு மகனைத் தராது. ஆனால் மகன் செத்தான் என்று கையெழுத்து வைக்காமல் இருக்கிற உரிமையைத் தந்தது. ஒரு படிவத்தில் மூன்றாவது பெட்டி எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு இதை விட உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயர் யாருடையது?

திரும்பவும் அக்காவிடம் வருவோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு, எங்கள் பெயரைப் பின்னால் எழுதுவோம். சி. வி. ராமன், எஸ். சந்திரசேகர், இரண்டு பேரும் இப்படி எழுதியதால் அவர்களது சொந்தப் பெயரே கடைசியில் நின்றது, உலகம் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. 1999இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய சந்திரா தொலைநோக்கியில் இருப்பது அவருடைய பெயர், அவரது அப்பா சுப்பிரமணியத்தின் பெயர் இல்லை. இன்றைக்குப் பாஸ்போர்ட் படிவம் அப்பாவைக் கடைசிக்குத் தள்ளுகிறது. அதனால் இந்தத் தலைமுறை விஞ்ஞானிகள் அப்பாக்களின் பெயரில் கட்டுரை எழுதுகிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு நண்பர் சொன்னார்: "உலகம் முதல் பேர், கடைசிப் பேர் எண்டு ஓடுது. நீங்கள்தான் மாற வேணும்." எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஆனால் உலகம் கேட்டால் மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் ஆய்விதழ்கள் சீன, ஜப்பானிய, கொரிய ஆசிரியர்கள் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்திலும் அடைப்புக்குள் போடலாம் என்று 2007இல் அறிவித்தன. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் பல பேரைப் பிரித்தறிய முடியாததுதான் காரணம். அது இரக்கம் இல்லை, தேவை. அவர்கள் கேட்டார்கள். நாங்கள் கேட்டோமா?

2012இல் வந்த ஓர்சிட் இலக்கம் இன்னொரு வழி. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க எண். பெயர் மாறினாலும், எழுத்து மாறினாலும், கல்யாணம் கட்டினாலும், எண் மாறாது. பட்டியல்கள் பெயரால் இல்லாமல் எண்ணால் பேசிக்கொள்ளும். நல்லது, எல்லாரும் எடுங்கோ. ஆனால் எண் மெஷினுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பெரியப்பா தேடியது எண்ணை இல்லை.

எங்கள் ஊரையே பாருங்கோ. 1820இல் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் மிஷனுக்காக இங்கே வந்து இருந்தபோது, அவர்களது ஆவணங்களில் எழுதியது கிட்டத்தட்ட ‘பண்டித்தெரிபோ’ என்று. இன்றைக்கு ஆங்கிலப் பலகைகளில் ஒரு ‘எச்’ கூடிக் குறைந்து, ஒரு ‘யூ’ இடம் மாறி, விதம் விதமாக இருக்கிறது. தேடுபொறியில் ஒன்றைப் போட்டால் மற்றது வராது. ஊருக்கு ஒரு இலக்கம் கொடுக்கலாம். ஆனாலும் தமிழில் அது ஒரே மாதிரித்தான் எழுதப்படுகிறது. மூலம் எங்களிடம் இருக்கிறது. படிகள்தான் குழம்பியவை.

ஆகவே என் கருத்து இது. இந்தியாவின் உதவியோடு எங்கள் நாட்டிலும் எல்லாருக்கும் ஒரே டிஜிட்டல் அடையாளம் கொண்டு வரப்போகிறார்கள். பல்கலைக்கழகங்கள் எல்லாப் பதிவையும் கணினிக்கு மாற்றுகின்றன. ‘எல்லாவற்றையும் இணைத்துவிட்டோம்’ என்று சொல்வார்கள். அப்போது நாங்கள் கேட்க வேண்டியவை: என் பெயருக்குத் தாய்ப் பட்டியல் எது? அதைத் திருத்த நான் எந்த வாசலில் நிற்க வேண்டும்? திருத்தினால் எத்தனை நாளில் மற்றவற்றுக்குப் போகும்? பழைய பெயரின் தடம் அழியாமல் இருக்குமா? பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வைத்து, அதில் நான் எழுதுகிறபடியே எழுத விடுவீர்களா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் இணைத்தால், ஒரு இடத்துப் பிழையை எல்லா இடத்துக்கும் வேகமாகக் கொண்டு போகிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இணைப்பு இல்லாத காலத்தில் ஒரு கந்தோரிலாவது உங்கள் பெயர் சரியாக இருந்தது.

பட்டியலைப் பார்க்கிற ஆட்களுக்கும் மரியாதை வேண்டும். உணரி கட்டியவனுக்குப் பெயர் கொடுக்கிற கூட்டம், அந்தப் பெயரைச் சரியாக வைத்திருக்கிறவளையும் வேலை செய்தவளாக எண்ண வேண்டும்.

வெளிநாடு போகப் போகிற நண்பர்களே, ஒரு சின்ன விசயம். முதல் படிவத்தை நிரப்ப முதல் உங்கள் பெயரை எப்படி அச்சில் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவெடுங்கோ. ஓர்சிட்டை அந்தப் பெயரில் எடுங்கோ. ‘வெளியீட்டுப் பெயர்’ என்று தனியாக ஒன்று கேட்கிறார்களா என்று விசாரியுங்கோ. முதல் படிவம் தாயாகிவிடும். பிறகு அதோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

அக்காவின் தாய்ப் பட்டியல் கடைசியில் கிடைத்தது. அவளது பல்கலைக்கழகத்திலேயே, ஒரு காரியாலயத்தில், ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்த ஒரு பதிவு. அக்கா நேரில் போய், எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று பத்து நிமிசம் விளங்கப்படுத்தினாள். அந்த அம்மா கேட்டு முடித்து, "முதலே சொல்லியிருக்கலாமே" என்று திருத்தினா. அன்றிரவு மெஷின் வந்தது. இந்த முறை சரியான பெயரை எல்லா இடத்திலும் எழுதிவிட்டுப் போனது. பழைய கட்டுரை அப்படியேதான் இருக்கும், அதை மாற்ற ஏலாது.

பங்குனியில் அடுத்த கட்டுரை வந்தது. பெரியப்பா திரும்பவும் சந்திக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்தார். இம்முறை தேட அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அக்காவின் பெயர் முழுதாக இருந்தது. முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்.

"இப்ப சரி," என்றார். "நான் முன்னுக்கு ஒரு எழுத்தா நிண்டாக் காணும்."